கியர்பாக்ஸின் மேல் மொக்தாரின் பெயர்

சனிக்கிழமை காலை பத்து மணி ஆகிவிட்டால் டெருஸ் வாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். சாத்தியதோடு விட்டாலும் பரவாயில்லை. திரைச்சீலையை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு, கண்ணாடி இடுக்கு வழியாக எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்காமல் இருக்கவும் முடியாது, பார்த்தால் வயிறு எரியாமலும் இருக்காது. அறுபத்தொரு வயதில் மனுஷனுக்கு அப்படி ஒரு வியாதி.

எதிர் வீட்டு வாசலிலிருந்து மொக்தாரின் பச்சை மோரிஸ் மைனர் மெல்ல வெளியே வரும். மூக்கில் வெள்ளை நாடா, பின் கண்ணாடியில் பூங்கொத்து. தைப்பிங்கில் இந்த ஆற்றோரக் கம்பத்தில், கிராமம் முழுக்க யார் வீட்டுக் கல்யாணமானாலும் பெண்ணை நிக்காஹுக்கு மசூதிக்குக் கொண்டுபோவது அந்த வண்டிதான். கறுப்புத் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு மொக்தார் ஓட்டுவார். தெரு திரும்பும் இடத்தில் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். எதிரே மனுஷன் இருக்கமாட்டான், மாடு இருக்காது. ஆனாலும் அடிப்பார்.

"கேட்டியா ரொக்கியா? என்னைக் குத்திக் காட்டறதுக்கே அடிக்கிறான்."

அவர் மனைவி ரொக்கியா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே மாட்டாள். புருஷனை 'பாங்' என்றுதான் கூப்பிடுவாள். "அவரு பூனைக்கு அடிச்சாரு, பாங். உலகத்துல எல்லாரும் உங்களையே நெனச்சுக்கிட்டா வண்டி ஓட்டுறாங்க?"

டெருஸிடமும் ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. வெண்ணெய் நிறம். அதே ரகம், அதே வட்ட விளக்கு, அதே கூன் முதுகு. இன்னும் சொல்லப்போனால் முதலில் வாங்கியது டெருஸ்தான். தண்ணீர் வாரியத்தில் பம்பு ஓட்டிச் சேர்த்த காசில், ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய ஒரு கிராணியின் விதவையிடமிருந்து வாங்கினார். எட்டு மாதம் கழித்துத்தான் மொக்தார் பச்சையை வாங்கினார். "என்னப் பாத்துக் காப்பி அடிச்சவன்" என்பது டெருஸ் இருபது வருஷமாகச் சொல்லிவரும் புகார். காப்பி அடித்தவனின் வண்டி ஓடுகிறது, அசல் வாசலில் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நிற்பதற்குக் காரணம் இரண்டாம் கியர். போட்டால் கறமுறவென்று கத்தும், பிறகு கையை எடுத்த நிமிஷமே கழன்று வெளியே வந்துவிடும். சமதரையில் எப்படியோ சமாளிக்கலாம். மசூதி இருப்பதோ மேட்டின் உச்சியில். அந்த ஏற்றத்துக்கு இரண்டாம் கியர் இல்லாமல் முடியாது. நான்கு வருஷத்துக்கு முன் டெருஸின் அண்ணன் மகளை நிக்காஹுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது பாதி மேட்டில் கியர் கழன்று, வண்டி பின்னால் உருண்டு, ஓரத்துச் சாக்கடையில் சக்கரம் இறங்கிவிட்டது. கல்யாணப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்த மொக்தார் பச்சை வண்டியின் கதவைத் திறந்து, "ஏறிக்கம்மா" என்றார். அன்றைக்கு ஏறியவள்தான். அதற்குப் பிறகு கம்பத்தில் ஒருத்தியும் வெண்ணெய் வண்டியில் ஏறவில்லை.

இப்போது டெருஸின் ஒரே மகள் சுஹைலாவுக்குக் கல்யாணம். மூன்று வாரம் இருக்கிறது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, அப்பாவின் குணம் நன்றாகத் தெரிந்தவள். தெரிந்திருந்தும் ஒரு நாள் சோறு போடும்போது வாயை விட்டுவிட்டாள்.

"அபா, மசூதிக்கு மொக்தார் மாமா வண்டியில போயிடலாமே? கேட்டா சந்தோஷமா வருவாரு."

டெருஸ் தட்டை நகர்த்தி வைத்தார். "என் பொண்ண நான் கூட்டிட்டுப் போவேன். என் வண்டியில. என் கையால."

"கியர் கழண்டுக்கிச்சுன்னா?"

"கழலாது."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க" என்றாள் ரொக்கியா சமையலறையிலிருந்து. "பாவம் அந்தப் பொண்ணு, சாக்கடையத் தாண்டிப் போயி நிக்காஹ் பண்ணுச்சு."

"மொக்தார் வண்டியில என் மக ஏறினா, நான் அன்னைக்கு மசூதிக்கே வரமாட்டேன். தெரிஞ்சுக்கங்க."

பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தகப்பனே வராவிட்டால் நிக்காஹ் எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார்.

மறுநாளே கமுந்திங்குக்குப் போகும் பாதையில் இருக்கும் ஆ சியோங்கின் பழைய இரும்புக் கிடங்குக்கு மோட்டார் சைக்கிளில் போனார். வெட்டிப்போட்ட வண்டிகளின் பாதி உடல்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஆ சியோங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய உருப்படியைக் கையில் கொண்டுவந்து காட்டினால்தான் புதியதை எடுத்துத் தருவான். வாயால் சொன்னால், பாச்சிக் பாச்சிக் என்று மாமா முறை வைத்துக் கூப்பிடுவானே தவிர, காது கேட்காதவன் மாதிரி நிற்பான்.

"சாம்பிள் எங்க, பாச்சிக்?"

"சாம்பிள் எதுக்கு? மோரிஸ் மைனர், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நாலு. ரெண்டாம் கியர். இந்தா, பதிவு அட்டையே இருக்கு." பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த அட்டையை டெருஸ் நீட்டினார்.

"அட்டைய கியர்பாக்ஸுக்குள்ள மாட்டவா முடியும்? மோரிஸ்ல ரெண்டு விதம்லா. பழசு வழுக்க முதுகு. அறுபத்திரெண்டுக்கு அப்புறம் வந்தது வரி முதுகு. ஒண்ணோட பல்லு இன்னொண்ணுக்குச் சேராது. கழட்டிக் கொண்டு வாங்க, பாத்துத் தரேன்."

"அறுபத்து நாலுன்னா வரி முதுகுதான? கணக்குத் தெரியாதா உனக்கு?"

ஆ சியோங் சிகரெட்டை உதட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றினான். "எத்தன கை மாறின வண்டியோ. எவன் எத மாத்தினானோ. நீங்க அடியில படுத்துப் பாத்திருக்கீங்களா?"

டெருஸ் பார்த்ததில்லை. அவருக்கு மோரிஸ் மைனரைப் பற்றித் தெரியாதது கிடையாது, காப்பிக் கடையில் மணிக்கணக்காகப் பேசுவார். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்ததில்லை. அங்கே முப்பது வருஷத்து எண்ணெயும் சேறும் அப்பிக்கிடந்தது. கழற்றவும் அவருக்கு மனமில்லை. கழற்றினால் வண்டியைக் கட்டையில் ஏற்றி வாசலில் நிறுத்த வேண்டும். எதிர் வீட்டிலிருந்து மொக்தார் பார்ப்பார். பார்த்தால் ரோட்டைத் தாண்டி வந்து, "அதனால என்ன டெருஸ், என் வண்டி இருக்கே" என்பார். அதைக் கேட்பதற்குச் செவிடாகவே போய்விடலாம்.

"வரி முதுகு வந்தா எடுத்து வை" என்றார்.

"ம். போன வருஷம் வழுக்க முதுகுக்கு ரெண்டாம் கியர் செட்டு ஒண்ணு வந்துச்சு, பித்தளை வளையத்தோட. தங்கம் மாதிரி இருந்துச்சு. உங்க பச்சக் கார் கூட்டாளி எடுத்துட்டாரு."

டெருஸின் காது நிமிர்ந்தது. "மொக்தாரா? அவன் வண்டி வரி முதுகாச்சே. அத வச்சு என்ன பண்ணுவான்?"

"நானும் கேட்டேன். சிரிச்சாரு, போயிட்டாரு."

வீடு வந்து சேரும் வரைக்கும் டெருஸுக்கு அந்தச் சிரிப்பே காதில் கேட்டது. தேவையே இல்லாததைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறானே! அவனுக்குத்தான் கிடைக்கிறது எல்லாம். நல்ல வண்டி, நல்ல பென்ஷன், போகிற இடமெல்லாம் "மொக்தார் மாமா, மொக்தார் மாமா" என்று கூப்பிடும் ஜனங்கள். மொக்தாருக்குப் பிள்ளைகள் கிடையாது, மனைவியும் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அதெல்லாம் டெருஸின் கணக்கில் வராது. பொறாமைப்படுகிறவன் எதிராளியின் தட்டில் கறியை மட்டும்தான் எண்ணுவான்.

அந்தச் சனிக்கிழமை பச்சை வண்டி வெளியே வரவில்லை. அதன்மேல் சாம்பல் நிற உறை போட்டு மூடியிருந்தது. அடுத்த நாளும் மூடியே இருந்தது.

"மெருகு போடுறான்" என்றார் டெருஸ், ஜன்னலில் நின்றபடி. "என் மக கல்யாணத்தன்னைக்குப் பளபளன்னு வந்து வாசல்ல நிக்கணுமாம். எல்லாரும் அவனயே பாக்கணுமாம்."

"மழைக்கு மூடியிருப்பாரு" என்றாள் ரொக்கியா. தைப்பிங்கில் மழைக்கு என்ன பஞ்சம்?

இரண்டாவது வாரம் டெருஸ் மறுபடி கிடங்குக்குப் போனபோது ஆ சியோங் சாப்பிடப் போயிருந்தான். அவன் மனைவி மட்டும் கல்லாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டெருஸ் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். உள்ளே, டயர்களுக்கு நடுவே ஒரு மரப்பலகையின் மேல், முழு கியர்பாக்ஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. மோரிஸ் மைனர். முதுகில் வரி வரியாக மேடு. வரி முதுகேதான்!

டெருஸ் கிட்டே போய்க் கையை வைத்தார். நீட்டிக்கொண்டிருந்த அச்சைத் திருப்பிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி சுற்றியது. அப்போதுதான் பக்கவாட்டில் வெள்ளைச் சாக்பீஸில் எழுதியிருந்ததைப் பார்த்தார். மொக்தார். அதற்குக் கீழே, மூன்று நாள்.

அந்தக் கிடங்கில் நோட்டுப் புத்தகம் கிடையாது. வேண்டியவன் சாக்பீஸால் தன் பெயரை எழுதிவிட்டுப் போனால், மூன்று நாளைக்கு அந்த இரும்பை யாரும் தொடமாட்டார்கள். லாரிக்காரன், பட்டறைக்காரன், வெளியூர்த் தரகன் என்று எல்லாரும் மதிக்கிற சட்டம் அது. ஒருவன் பெயரை இன்னொருவன் அழித்ததாக ஆ சியோங்கின் அப்பா காலத்திலிருந்து பேச்சே இல்லை.

டெருஸ் அந்தப் பெயரையே பார்த்தார். இங்கேயும் நீயா? நான் தேடிவந்த இடத்திலெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாயே! உன் வண்டிதான் ஜம்மென்று ஓடுகிறதே, உனக்கு இது எதற்கு? நான் வாங்கிவிடக் கூடாது என்றுதானே? கைக்குட்டையை எடுத்தார். எச்சிலைத் தொட்டார். நான்கு இழுப்பில் மொக்தார் மறைந்துபோனார். கூரை ஓட்டையில் மழை ஒழுகி அழிந்திருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூரையில் ஓட்டை இல்லை. பலகை விளிம்பில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, டெருஸ் என்று எழுதினார்.

"என் பேரு போட்டிருக்கு, எடுத்துக்கட்டுமா?"

ஆ சியோங்கின் மனைவி எட்டிப் பார்த்தாள். "பேரு இருந்தா எடுத்துட்டுப் போங்க பாச்சிக். எனக்கு என்ன தெரியும்?"

கல்லாவில் காசைக் கட்டி, வாடகை வேனில் ஏற்றி, கோணிச்சாக்கால் போர்த்தி, வீட்டின் பின்பக்கமாகக் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணச் சமையலுக்கென்று வரவழைத்த பெரிய அண்டாக்களுக்குப் பின்னால், கார் நிற்கும் கூரைச் சாய்ப்பின் மூலையில் ஒளித்துவைத்தார். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ரொக்கியாவின் தம்பி காதிர் வந்தான். மீன் வியாபாரி, கை பலம் உள்ளவன். சாய்ப்புக்கு முன்னால் துணியைக் கட்டி மறைத்துக்கொண்டு இருவரும் வண்டியைக் கட்டையில் ஏற்றி, நாள் முழுக்க வேர்த்து, பழைய கியர்பாக்ஸை இறக்கினார்கள். காதிர் மண்ணெண்ணெய் ஊற்றிச் சேற்றைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட முதுகு தெரிந்தது. ஒரு வரி இல்லை, ஒரு மேடு இல்லை. முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

காதிர் அண்டாக்களுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தான். கையில் இருந்ததைப் பார்த்தான். "மச்சான், இதோட வாயே வேற. அதோட வாயே வேற. இது உங்க எஞ்சினோட சேரவே சேராது."

"அட்டையில அறுபத்து நாலுன்னு இருக்கேடா!"

"அட்டைய எடுத்துக்கிட்டுப் போயி எஞ்சின்கிட்ட காட்டுங்க. படிச்சுப் பாத்துட்டுச் சேந்துக்குதான்னு பாப்போம்."

அந்தத் தோட்டத்துக் கிராணி, மண்ணுக்குள் போன மனுஷன், எந்தக் காலத்திலோ பழைய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மாற்றிப் போட்டிருக்கிறான். இருபது வருஷமாக டெருஸ் அட்டையை ஓட்டினாரே தவிர வண்டியை ஓட்டவில்லை. காதிர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். டெருஸ் கட்டையின்மேல் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். திருடினதும் ஆயிற்று, திருடினது உதவாமலும் போயிற்று. மகள் யார் வண்டியிலோ போகப் போகிறாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பந்தல்காரர்கள் வந்து, மறைப்புக்குக் கட்டியிருந்த துணியைக் கேட்காமலேயே அவிழ்த்துவிட்டார்கள். டெருஸ் தலை நிமிர்ந்தால் எதிரே மொக்தார். ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். டெருஸ் பாய்ந்து போய் அண்டா இடுக்கில் கோணிச்சாக்கை இழுத்து மூடினார்.

மொக்தார் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதை முக்காலியின்மேல் வைத்தார். உட்காரவில்லை.

"டெருஸ், ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளு. பேசினா அப்புறம் எனக்குச் சொல்ல வராது."

டெருஸ் கோணிச்சாக்கை மறைத்துக்கொண்டு நின்றார்.

"உன் கியர்பாக்ஸ் வழுக்க முதுகு. எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி உன் சைலன்சர் தொங்கிப்போச்சுன்னு நான்தான அடியில படுத்துக் கம்பி கட்டினேன்? அன்னைக்கே கையால தடவிப் பாத்தேன். நீ காப்பிக் கடையில அறுபத்து நாலு, அறுபத்து நாலுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நான் சொல்லல. போன வருஷம் ஆ சியோங்கிட்ட உன் கியருக்குப் பொருத்தமா ஒரு செட்டு வந்துச்சு. உனக்குக் கெடச்சிடக் கூடாதுன்னே வாங்கி, கட்டிலுக்கு அடியில வச்சேன்."

"ஏன்?"

"ஏனா? உன் வண்டி சரியாயிட்டா என்னை யாரு கூப்பிடுவா? உனக்குப் பொண்டாட்டி இருக்கா, பொண்ணு இருக்கா, நாளைக்குப் பேரப்புள்ள வரும். எனக்குச் சனிக்கிழமைதான் இருக்கு. இந்தக் கம்பத்துப் பொண்ணுங்க எல்லாம் பின் சீட்டுல உக்காந்து, 'மாமா மெதுவா, பூ கசங்குது'ன்னு சொல்லும் பாரு, அதுதான் என் வீட்டுச் சத்தம். நீ சொந்த மகள ஏத்திக்கிட்டுப் போறத நெனச்சா எனக்கு உள்ள பத்திக்கிட்டு எரிஞ்சுது, டெருஸ். பொய் சொல்லல." மொக்தார் டப்பாவைத் திறந்தார். எண்ணெய்த் துணிக்குள் பல் சக்கரமும் பித்தளை வளையமும் பளபளத்தன. "இந்தா. நானே மாட்டித் தரேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்."

டெருஸ் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே கோணிச்சாக்கைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. அதைவிடக் கேவலம், அந்த நேரத்திலும் அவருக்குப் பொறாமைதான் வந்தது. பாவி, தப்பை ஒத்துக்கொள்வதில்கூட எனக்கு முன்னால் வந்துவிட்டானே! இனிமேல் நான் சொன்னாலும் அவனைப் பார்த்துச் சொன்னதாகத்தானே ஆகும்?

"உன் வண்டி?" என்று மட்டும் கேட்டார். "மூடி வச்சிருக்கியே?"

"போச்சு. ரெண்டு வாரம் முன்னாடி கியர்பாக்ஸ் உள்ளயே நொறுங்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல, வெட்கமா இருந்துச்சு. ஆ சியோங்கிட்ட வரி முதுகு ஒண்ணு வந்துச்சு. பேரு எழுதி வச்சிட்டு, பழசக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பாக்கலாம்னு போனேன். திரும்பி வந்தா காணோம். ஆ சியோங் பொண்டாட்டியக் கேட்டா, யாரோ ஒரு பாச்சிக் பேரு இருக்குன்னு எடுத்துட்டுப் போனாருங்கிறா. எவனோ ஒரு நாய், என் பேர அழிச்சிட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான்."

டெருஸ் பிஸ்கட் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

புதனும் வியாழனும் மொக்தார் அந்தச் சாய்ப்பிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். பாயை விரித்து, ஒவ்வொரு உருப்படியாகக் கழற்றி, துடைத்து, வரிசையாக வைத்தார். பின்னால் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மசாலா அரைத்தார்கள், ரெண்டாங் கறி வாசனை தெரு முழுக்க அடித்தது. புதன்கிழமை மத்தியானம் மொக்தார் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, உருண்டு, கோணிச்சாக்குக்கு அடியில் போய்விட்டது. மொக்தார் குனிந்தார். கையை விட்டுத் தேடினார். ஸ்பேனரோடு நிமிர்ந்தார். வளையத்துக்கு எண்ணெய் போட்டபடியே ஆரம்பித்தார்.

"என் பேர அழிச்சவன் கை இருக்கே, அது வெளங்காமப் போகணும்."

டெருஸ் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அவன் வண்டி மேட்டுல ஏறவே கூடாது. அவனுக்குச் சாப்பிட்டது செரிக்கக் கூடாது. என்ன டெருஸ், நான் சொல்றது சரிதான?"

"ம்… சரிதான்."

"வேர்க்குதே உனக்கு. ரொக்கியா, உன் புருஷனுக்கு ஐஸ் போட்டுச் சிராப்புத் தண்ணி குடுலா! கல்யாணத்துக்கு முன்னாடி உருகிடுவான் போலருக்கு."

வியாழன் மாலை கியர்பாக்ஸ் உள்ளே ஏறியது. வெள்ளி காலை டெருஸ் வண்டியைத் தெரு முனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. கையை எடுத்தார். கழலவில்லை.

சனிக்கிழமை. சுஹைலா வெள்ளை உடுப்பில், தலையில் முக்காட்டோடு வந்து அப்பாவின் காலடியில் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து முத்தம் வைத்தாள்.

"அபா, இத்தன வருஷத்துல நான் செஞ்ச தப்பெல்லாம் மன்னிச்சிடுங்க. உங்க கையால தின்னது, குடிச்சது எல்லாத்தையும் எனக்கு ஹலாலாக்கிக் குடுத்துடுங்க."

கல்யாணத்தன்று எல்லாப் பெண்களும் கேட்பதுதான். தகப்பன்மார் அழுவார்கள், தலையில் கை வைப்பார்கள். டெருஸ் கையை எடுத்துக்கொண்டார். பெயரை அழித்த கை அது. பிறகு இடது கையை அவள் தலையில் வைத்தார். ரொக்கியா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெண்ணெய் மோரிஸ் நாடா கட்டிக்கொண்டு புறப்பட்டது. கம்பமே பார்த்தது. மேட்டின் அடியில் இரண்டாம் கியர் போட்டார். வண்டி ஜம்மென்று ஏறியது, சாக்கடை பின்னால் போயிற்று, "அபா, கழலல!" என்று பின் சீட்டிலிருந்து சுஹைலா சிரித்தாள். நான்கு வருஷமாக டெருஸ் கனவு கண்ட நிமிஷம் இதுதான். மசூதி வாசலில் மொக்தார் நின்றார். யாருடைய மோட்டார் சைக்கிளின் பின்னாலோ தொற்றி வந்திருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கியர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். டெருஸுக்கு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

உள்ளே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்படைக்கும் வார்த்தையைச் சொல்லும்போது டெருஸுக்கு நாக்குப் புரண்டது. வழக்கமாகத் தடுமாறுவது மாப்பிள்ளைதான். இங்கே மாமனார் தடுமாறினார். கூட்டம் சிரித்தது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தார்.

வீட்டில் விருந்து ஆரம்பித்து, பந்தலில் நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். டெருஸ் சாய்ப்புக்குப் போனார். அண்டாக்கள் அடுப்புக்குப் போய்விட்டதால் மூலையில் கோணிச்சாக்கு மட்டும் தனியாக இருந்தது. பட்டு இடுப்புத்துணியோடு குனிந்து, அந்த இரும்பை முச்சந்தி மாதிரி ஆள் நடமாடும் பந்தல் நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். சிமெண்டுத் தரை கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். மொக்தார் ஒரு பிடிச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

டெருஸ் சாக்கை எடுத்தார். பக்கவாட்டில் தன் பெயர் இருந்தது.

"நான்தான்" என்றார். "உன் பேர அழிச்ச நாய் நான்தான், மொக்தார். உனக்குக் கெடச்சிடக் கூடாதுன்னு அழிச்சேன். நீ வந்து எல்லாத்தையும் சொன்னப்பவும் நான் வாயத் தொறக்கல. ரெண்டு நாள் உன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

ரொக்கியா தலையில் கை வைத்துக்கொண்டாள். மொக்தார் பிடிச்சோற்றை மெல்ல வாயில் போட்டு, மென்று, விழுங்கி, விரல்களைக் கழுவினார். எழுந்து வந்தார்.

"சாக்கத் தூக்க இவ்வளவு நாள் ஆச்சா உனக்கு?"

"தெ… தெரியுமா?"

"புதன்கிழமை ஸ்பேனர் உருண்டுதே. எதுக்குக் குனிஞ்சேன்? கைய விட்டா வரி வரியாத் தட்டுப்படுது." மொக்தாரின் கண் கலங்கியிருந்தது, ஆனால் உதடு சிரித்தது. "இப்பத் தூக்குவான், இப்பத் தூக்குவான்னு ரெண்டு நாளாப் பாத்தேன். நீ தூக்கல. நடுவுல நாலு சாபமும் விட்டுப் பாத்தேன். நீ வேர்த்து ஒழுகினதப் பாக்க எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பிஸ்கட் டப்பாவ நீட்டினேனே, அன்னைக்கே நீயும் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சமம். இப்ப நான் ஒரு படி மேல. சாகுற வரைக்கும் அதுக்கும் சேத்துப் பொறாமப்படு."

டெருஸுக்கு உண்மையாகவே பொறாமையாகத்தான் இருந்தது.

"நிக்காத. அந்தப் பக்கம் புடி. என் வீட்டுக்குக் கொண்டு போவோம்."

கல்யாண உடுப்பில் இரண்டு கிழவர்களும் கியர்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "எண்ணெய் ஒட்டும், அந்தத் துணி இரவல் துணி!" என்று ரொக்கியா பின்னாலிருந்து கத்தினாள். நடுரோட்டில் மொக்தாருக்கு மூச்சு வாங்கியது. இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

"அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வீட்டுக் கல்யாணம்" என்றார் மொக்தார். "என் வண்டி அதுக்குள்ள ரெடியாகாது. நீ போ."

நான்கு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தது கையில் வந்து விழுந்ததும் டெருஸுக்குப் பயமாக இருந்தது. "நானா? வேணாம்லா. அவங்க உன்னத்தான கேப்பாங்க."

"போடா. ஆனா தெரு திரும்பும்போது ஹாரன் அடி. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருப்பேன்."

டெருஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்த ஹாரன்… நீ எனக்குத்தான் அடிச்சியா?"

"பின்ன?" என்றார் மொக்தார், குனிந்து தன் பக்கத்தைப் பிடித்தபடி. "பூனைக்கா அடிச்சேன்? தூக்கு."